உங்கள் தகடும் என் கையெழுத்தும்

என் விஜயா அக்காவுக்கு,

ஓசூர் பஸ் மாரண்டஹள்ளியில் நிற்கும்போது இன்னும் என் கண் நீங்கள் ஏறும் படிக்கட்டுப் பக்கம்தான் போகிறது. நீங்கள் காய்ச்சலில் இறந்து ஏழு மாதமாகிவிட்டது. இருந்தபோது உங்களிடம் சொல்லாததை இப்போது எல்லோரும் கேட்கச் சொல்கிறேன்.

நம் பெயிண்ட் கம்பெனி லேப்பில், குடிநீர்த் தொட்டி ஏணிகளுக்கான பெயிண்டைச் சோதித்தது நீங்கள். பெயிண்ட் பூசிய இரும்புத் தகட்டை உப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் வைத்து, மெல்லிய மின்சாரம் விட்டு அளந்தீர்கள். மூன்றாம் வாரம், மின்சாரத்தைப் பெயிண்ட் தடுக்கும் அளவு சரிந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்.

"பாரு தம்பி, மேல பளபளன்னு இருக்குது. உள்ள தண்ணி எறங்கிருச்சு. துரு புடிக்கும். பாஸ்னு நான் எழுத மாட்டேன்."

லோடு கிளம்ப வேண்டுமென்று மேனேஜர் என்னிடம் வந்தார். புதுத் தகடு ஒன்றை நனைத்து அன்றே அளந்தேன். முதல் நாளில் அந்தப் பெயிண்ட் நன்றாகத்தான் காட்டும். தெரிந்தேதான் பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். உங்கள் அளவு தவறு என்று உங்களை பேக்கிங்கிற்கு மாற்றினார்கள். கடைசிவரை, மூன்று வருடம், அங்கேயே இருந்தீர்கள். மாற்றிய அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் வாய் திறக்கவில்லை?

அன்று பஸ்ஸிலும், "சாப்டியாப்பா?" என்றுதான் கேட்டீர்கள். திட்டியிருக்கலாமே அக்கா?

போன மாதம் காரிமங்கலம் பக்கம் ஒரு தொட்டியில் ஏணிப்படி ஒடிந்து, ஏறிய ஆபரேட்டருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நம் பெயிண்ட்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் நான் யாரென்று சொன்னேன். "பெயிண்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு. அத நம்பித்தான் கால வெச்சேன்" என்றார்.

மறுநாளே உங்கள் அளவுத் தாளையும் நான் கையெழுத்துப் போட்ட தாளையும் குடிநீர் வாரிய என்ஜினீயரிடம் கொடுத்தேன். அந்தப் பெயிண்ட் அடித்த ஏணிகளில் யாரும் ஏறக்கூடாதென்று நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேலை போனது. அது போகட்டும்.

உங்கள் வீட்டுக்கும் போனேன். உங்கள் மகள் கவிதா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்க தப்பு பண்ணினோம்னு தெரியலியேன்னு, அம்மா அந்த அளவயே நோட்டுல எழுதி எழுதிப் பாத்துட்டு இருந்துச்சுங்கண்ணா."

அடுத்த வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கவிதாவும் வருகிறாள். அவள் முன்னால், மேனேஜர் முன்னால் சொல்வேன்: அளவில் தவறே இல்லை, அளந்தவர் விஜயா, பொய் எழுதியவன் நான்.

உங்களைத் தனியாக நிற்கவிட்ட தம்பி,
சரவணன்