வெளியேறு என்றொரு பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பா எழுதுவது. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் உனக்கும் அக்காவுக்கும் நான் பாப்பாதான், அதனால் அப்படியே எழுதுகிறேன். உன் முட்டி வலி தேவலையா? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிவிட்டுப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாயா? இங்கே குளிர் விட்டபாடில்லை. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் அக்கா பேச்சை எடுத்தாலே உனக்கு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது, இல்லாவிட்டால் வாசலில் யாராவது வந்துவிடுகிறார்கள். கடிதம் என்றால் பாதியில் வைத்தாலும் மேஜைமேல் கிடக்கும். போகும்போதும் வரும்போதும் உன் கண்ணில் படும்.

என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள் என்று சொல்லி முடித்துவிடுவாய். அந்த ஏதோ என்ன என்று இன்றைக்குச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. வீட்டுக்குள் அடி வாங்குகிறவர்களுக்கு உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் ஓர் இணையதளம். அதைக் கட்டுவது எங்கள் குழு. கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குகிறவர், அதிகம் படிக்காதவர் என்று எல்லோரும் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. திரையை அணைத்துவிட்டு, போன் வாசித்துக் காட்டுவதை மட்டும் கேட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் போவேன். கண்ணை மூடிக்கொண்டு சம்பளம் வாங்குகிறாய் என்று எங்கள் மேலாளர் கிண்டல் செய்வார்.

எல்லாப் பக்கத்திலும் மேலே ஒரு பொத்தான் வைத்தோம். படித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கிறவன் அறைக்குள் வந்துவிட்டால் அதைத் தட்ட வேண்டும். பக்கம் மறைந்து, மழை வெயில் சொல்லும் வேறு பக்கம் வந்துவிடும். அந்தப் பொத்தானில் "உடனே வெளியேறுங்கள்" என்றுதான் முதலில் எழுதினேன். சின்ன போன்களில் எழுத்து பெட்டிக்குள் அடங்காமல் உடைந்து இரண்டாவது வரிக்குப் போனது. கடைசி எழுத்துகளை வெட்டி "உடனே வெளியேறு" என்று ஆக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். மரியாதையை வெட்டியிருக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

போன தடவை ஊருக்கு வந்தபோது அக்காவின் போனில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதியைப் போட்டுக் கொடுத்தேன் அல்லவா? தமிழில் அதற்கு ஒரு ஆண் குரல்தான் இருந்தது. அன்றே இந்த இணையதளத்தையும் சமையல் குறிப்பு என்று பெயர் வைத்து அவள் போனில் சேர்த்துவிட்டேன். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். கண் போன பிறகு சமையல் குறிப்பு எதற்கு என்று கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா?

போன வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். கண் மருத்துவமனையிலிருந்து, நர்ஸ் அம்மாவின் போனில். உன் மாப்பிள்ளை வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருந்த நேரம். அத்தான் என்று எழுதக் கை வரவில்லை, மன்னித்துக்கொள். அவள் அழவில்லை. பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

சில நாள் முன்பு உன் மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தாராம். அவள் கூடத்தில் உட்கார்ந்து சமையல் குறிப்பைத் திறந்திருக்கிறாள். காதில் மாட்டிக்கொள்ள நான் வாங்கிக் கொடுத்ததை, யாரிடம் ரகசியம் பேசுகிறாய் என்று அவர் ஏற்கெனவே பிடுங்கி வைத்துவிட்டார். அதனால் சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோரம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அது முதலில் வாசித்தது என் பொத்தானைத்தான். ஆண் குரலில், உடனே வெளியேறு என்று.

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள், அம்மா. செருப்பில்லாமல், சுவரைத் தடவிக்கொண்டு, மாடிப்படியில் போய் நின்றிருக்கிறாள்.

"அவர் குரல் இல்லைன்னு தெரியும் பாப்பா. ஆனா அது அவர் சொல்ற வார்த்தை. கால் தானா எழுந்துடுச்சு" என்றாள்.

நான்தான் எழுதினேன் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் அவளே மேலே சொன்னாள். "வெளியே போன்னு சொல்லிச்சு, போயிட்டேன். போனப்புறம் எங்க போறதுன்னு அது சொல்லவே இல்லையே."

பதற்றத்தில் அவள் விரல் திரையைத் தட்டியிருக்கிறது. அதனால் அவர் துண்டோடு வந்து பார்த்தபோது, நாற்காலியில் கிடந்த போன் நாளைக்கு லேசான மழை என்று வாசித்துக்கொண்டிருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். குருடிக்கு மழை வந்தால் என்ன, வெயில் அடித்தால் என்ன என்று கேட்டாராம். படியில் நின்றவளை எப்படி உள்ளே கூட்டிவந்தார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நம் வீட்டில் எல்லோருக்கும் கைவந்த கலை.

அவள் இடது கண் போனதற்கு நீ சொல்லும் காரணம் எனக்கு மனப்பாடம். அலமாரிக் கதவு இடித்துவிட்டது. சொந்தக்காரர்களிடம் சொன்னாய், டாக்டரிடமும் சொன்னாய், கடைசியில் என்னிடமே சொன்னாய். அந்த வீட்டு அலமாரிக்கு இழுத்துத் தள்ளும் கதவு, அம்மா. அது எப்படிப் போய் ஒருத்தியின் முகத்தில் இடிக்கும்? வலது கண்ணுக்கு ஏற்கெனவே பார்வை மங்கிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அதுவும் போவதற்கு முன், அப்போதே அவள் பையோடு உன்னிடம் வந்தாள். வயிறாரச் சாப்பாடு போட்டாய், தலை வாரிவிட்டாய், விடிந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வந்து கூட்டிப்போகச் சொன்னாய். கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி அவளுக்குப் புத்தி வேறு. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயந்தாய். அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் ஒரு வார்த்தை கேட்பேன்.

பொத்தானை மாற்றிவிட்டேன். இப்போது அது "வானிலை" என்று மட்டும் சொல்கிறது. அது எதற்கு என்ற விளக்கம் முதல் பக்கத்தில் இருக்கிறது. யாரையும் அது போகச் சொல்வதில்லை. மேலாளர் ஏன் என்று கேட்டார். என் அக்கா சொன்னாள் என்றேன்.

எங்கே போவது என்று அக்கா கேட்டதற்கும் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். உங்கள் பக்கத்தில் இருக்கும் பெண்கள் காப்பகங்களுக்கு நானே போன் செய்தேன். ஒன்றில் மாடியில்தான் அறை. இன்னொன்றில், கண் தெரியாதவர் என்றால் கூடவே துணையாள் வேண்டும் என்றார்கள். துணையாள் இருந்தால் அவள் ஏனம்மா காப்பகத்துக்கு வரப்போகிறாள்? மற்ற இடங்களில் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் எனக்கு விடுப்பு கிடைக்கிறது. வந்து அவளை என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன், அதற்கான ஏற்பாடெல்லாம் நடக்கிறது. ஆனால் அவள் அதுவரை அங்கே இருக்கப்போவதில்லை. தானே கிளம்பிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். நர்ஸ் அம்மா ஆட்டோவில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த நாள் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் உன் மாப்பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். பெற்ற தாயிடம் இப்படி எழுதக் கூடாதுதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

அவள் எங்கே வருவாள் என்று சொல்ல வேண்டியதில்லை. கண் இல்லாமலும் அவளுக்குத் தடம் தெரிந்த வீடு ஒன்றுதான். வாசலில் எத்தனை படி, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், தண்ணீர்க் குடம் எங்கே என்று அவள் கைக்குத் தெரியும். வழியில் கிடக்கும் முக்காலியை மட்டும் ஓரமாக நகர்த்தி வை.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி. உடம்பைப் பார்த்துக்கொள், தைலத்தைத் தேய். உன் மாப்பிள்ளை போன் செய்தால் அப்போதாவது அடுப்பில் பால் பொங்கட்டும்.

அக்கா கதவைத் தட்டும்போது ஏன் வந்தாய் என்று கேட்காதே. நீ அழுதாலும் தலையாட்டினாலும் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு இனி உன் குரல்தான் நீ. அதனால் வாயைத் திறந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, உள்ளே வா என்று சொல்.

உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளும்,
பாப்பா