வலதுகையில் தோல்வார்

எருசலேம்
ஆதார் மாதக் கடைசி வாரம்

அன்பு மகள் ஹதாசாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவன் நாமத்துக்கு நன்றி, இங்கே அம்மாவும் நானும் சுகம், நீயும் மொன்றியல் குளிரில் சளி கிளி பிடிக்காமல் சுகமாய் இருக்க வேண்டும். உன் அம்மா ஷிஃப்ரா பஸ்காவுக்காக வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறாள். பண்டிகைக்கு வீட்டில் புளித்த ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாதே, என் கோட்டுப் பைகளைக்கூட விட்டுவைக்கவில்லை, பசித்தால் மாடிப்படியில் உட்கார்ந்து தின்னச் சொல்கிறாள், நானும் தின்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் ஜெபப் புத்தகம் கொடுக்கும் விழா நடந்தது. இந்த வருஷம் கொடுத்தது நீ படம் போட்ட புத்தகம். தலைமையாசிரியை உன் பெயரைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு நிறைந்து சட்டைப் பொத்தான் தெறிக்கும் போல் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் பக்கத்தில் நீ எழுதிய சமர்ப்பணத்தையும் வாசித்தார். எழுத்தையும் வண்ணத்தையும் எனக்குக் காட்டிய என் ஆசிரியர் மல்கியேலுக்கு என்று எழுதியிருக்கிறாயாமே. வண்ணம் சரி, அவன் ஓவிய வாத்தியார், வைத்துக்கொள்ளட்டும். எழுத்து? உன் விரலைத் தேனில் தோய்த்து முதல் எழுத்தைத் தொடவைத்தது நானா மல்கியேலா? நீ ஆசிரியர் பயிற்சியை முடித்து இங்கேயே வேலைக்குச் சேர வேண்டும் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன், படம் போடப் போ என்று அவன் கிளப்பிவிட்டான், நீயும் கடல் தாண்டிப் போய்விட்டாய். போனவளுக்கு நினைப்பு வந்தது அவனைத்தான். அன்று முதல் அவன் பள்ளியில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடக்கிறான், பெற்றோர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், நான் பக்கத்தில் பந்தல்கால் மாதிரி நிற்கிறேன். நான் ஒண்ணும் பெருசா சொல்லித்தரல, அவ கையிலயே இருந்தது என்று அடக்கமாய் வேறு சொல்கிறான். அந்த அடக்கத்தைக் கேட்டபோதுதான் எனக்கு வயிறு அதிகம் எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான்.

வீட்டுக்கு வந்து உன் புத்தகத்தைக் குற்றம் பிடிப்பதற்கென்றே புரட்டினேன். ஆமாம், பெற்ற அப்பன்தான். ஓய்வுநாள் மேசையில் ரொட்டி இரண்டு இருந்தது, துணியால் மூடியும் இருந்தது, மெழுகுவர்த்தியும் சரி. காலை ஜெபப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாய். ஜன்னலோரம் ஒரு தாடிக்காரர் ஜெபிக்கிறார், ஜெபத்துக்கு இடதுகையில் கட்ட வேண்டிய தோல்வாரை வலதுகையில் சுற்றியிருக்கிறார். பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, மல்கியேல் சொல்லிக்கொடுத்த லட்சணம் இதுதானா என்று. உடனே பதிப்பாளர் யெருஹாமுக்குத் தொலைபேசி செய்து முறையிட்டேன். அவரும் பதறிப்போய், அடுத்த அச்சில் கையை மாற்றிவிடுகிறோம், எங்கள் ஆளே திருத்திவிடுவான், உங்கள் மகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார். ரொம்பச் சரி என்றேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது புத்தகத்தை மல்கியேல் முன்னால் விரித்துப் போட்டேன். உம்ம சிஷ்யைக்கு எந்தக் கைன்னுகூடத் தெரியலையே என்றேன். அவன் படத்தைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"வாத்தியாரே, தினமும் காலைல பிள்ளைங்க முன்னாடி நின்னு நீங்க எந்தக் கையில கட்டுறீங்க?"

நான் இடக்கைக்காரன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. வலுக்குறைந்த கையில் கட்டு என்பதுதானே விதி, ஊரெல்லாம் இடதுகையில் கட்டினால் எனக்கு வலதுகை, பள்ளியிலேயே நான் ஒருவன்தான். பொறாமை கண்ணை மறைத்தபோது சொந்தக் கையே தெரியவில்லை. பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் சரிந்த அந்தத் தோள் என்னுடையது. பின்பக்கம் மிதிபட்ட செருப்பும் என்னுடையது. மல்கியேல் முதல் நாளே கண்டுகொண்டானாம், அதிலும் எனக்கு முந்திவிட்டான் படுபாவி. உன் அம்மாவும் கண்டுகொண்டாளாம். கேட்டால், நீங்களே பார்த்துச் சந்தோஷப்படணும்னு இருந்தேன், நீங்க போய்ப் புகார் பண்ணுவீங்கன்னு யாரு கண்டா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஓடிப்போய் யெருஹாமைக் கூப்பிட்டேன். தப்பு என்று சொன்னவரும் நீங்கள்தான், தப்பில்லை என்று சொல்பவரும் நீங்கள்தான், இனி படம் போட்டவர் சொன்னால்தான் கேட்பேன் என்று வைத்துவிட்டார். நானும் இரண்டு தரம் போய் நின்று பார்த்துவிட்டேன். பஸ்கா முடிந்ததும் அச்சுக்குப் போகிறதாம். கையை மாற்றிவிட்டால் அங்கே நிற்கப்போவது யாரோ ஒரு தாடிக்காரன், அம்மா. அப்புறம் உன் புத்தகத்தில் நான் எங்கே இருக்கிறேன்?

வெள்ளிக்கிழமை மாலை உன் தலையில் கைவைத்துச் சொல்வேனே, சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல் இரு என்று, அதை இங்கிருந்தே சொல்கிறேன், தலையைக் குனிந்து வாங்கிக்கொள். காலுறை போடாமல் வெளியே போகாதே. இதைப் படித்த கையோடு யெருஹாமிடம் பேசு, மறந்துவிடாதே. முதல் பக்கத்தில் மல்கியேல் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், எரிச்சலாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். எனக்கு அந்தக் கையை மட்டும் விட்டுவைக்கச் சொல்.

உன் அப்பா,
எல்கனா