சுவருக்கு அந்தப் பக்கத்துப் புற்று

ஆடி வெள்ளி. மலேசியா, கிள்ளான்.

பக்கத்துக் கோயில் புற்று வெடித்துக் கிடக்கிறது. பால் ஊற்றப் போனபோது பார்த்தேன். முன்பெல்லாம் விரிசல் விட்டால் மறு வாரமே ஈரமண் மூடியிருக்கும். "அம்மா வளர்றா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம். வளர்த்ததெல்லாம் கரையான்.

போன மாதம் எங்கள் சமையலறைக் கதவை அரித்ததும் கரையான்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கோயில். "கூட்டோட செத்துரும் ஆன்டி, கேரண்டி லா" என்றான் மருந்தடிக்க வந்தவன். எந்தக் கூடு என்று நானும் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

புற்றுக்கு சிமெண்டு பூசிடலாம் என்கிறார் பூசாரி. "இனிமே வெடிக்கவே வெடிக்காதுக்கா." எல்லாருக்கும் சந்தோஷம். நம்ம வீட்டு மருந்துலதான் புற்றுக் கரையானும் செத்திருக்கும் என்று வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "புத்து அங்கதானே இருக்கு?" என்றார்.

அடுத்த வெள்ளி சிமெண்டுக்குத்தான் பால் ஊற்றப் போகிறேன்.