பழைய டேப்பை அழித்தவன் எழுதுவது

மச்சான்,

இன்று காலை என் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "கெர்னலை மட்டும் புதுசா மாத்தினேம்பா. மத்ததெல்லாம் பழசு. இப்ப பிரிண்டர் வேலையே செய்யல" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. ஐம்பது வருஷம் ஆகியும் இந்தச் சனியன் தீரவில்லையா என்று இருந்தது. எழுந்து வாசலில் போய் நின்றேன்.

எழுபதுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. நீயும் நானும் ஆபரேட்டர்கள். நீ பர்மனென்ட், நான் இன்னும் ஆகவில்லை. மெஷினுக்குள் எந்நேரமும் இருந்து மற்ற புரோகிராம்களை எல்லாம் மேய்க்கிறதை நாம் சூப்பர்வைசர் என்போம். அதைத்தான் என் மகள் கெர்னல் என்கிறாள். மெஷினை விற்றவர்கள் அதன் புதுசை மட்டும் ஒரு டேப்பில் அனுப்பினார்கள். அதோடு சேர வேண்டிய மற்றதெல்லாம் பின்னால் வருமாம். என்ன புத்தியோ. புதுசு ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும் என்று எழுதியிருந்ததால் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே ஏற்றினேன். சின்ன வேலை ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. டேப்புக்கு அப்போது அத்தனை பஞ்சம். பழைய சூப்பர்வைசர் இருந்த டேப்பை எடுத்து, அதன் மேலேயே உதிரிபாகப் பட்டியலை எழுத வைக்கப் போனேன்.

"அத்த அழிச்சிராத மச்சான். ஒரு வாரம் கெடக்கட்டும், இன்னா அவசரம் இப்போ?" என்றாய். ஒரே ஒரு தரம். என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்று இன்றைக்கும் உன்மேல் எனக்கு ஆத்திரம்தான்.

மறுநாள், பாகங்களைப் பூட்டுகிற அசெம்பிளி லைனுக்குப் போக வேண்டிய பட்டியலை அச்சடிக்கக் கொடுத்தோம். பிரிண்டர் வெள்ளைத் தாளாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. நம் பழைய புரோகிராம் சூப்பர்வைசரை ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய்க் கூப்பிடும். புதுசிலோ அந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது. வீடு மாறிப் போனவனைப் பழைய வீட்டில் தேடின கதை. திரும்பவும் பழசையே ஏற்றலாம் என்றால், அதைத்தான் நான் அழித்துவிட்டேனே. மூன்று நாள் பட்டியலைக் கையால் எழுதினோம். அசெம்பிளி நின்று நின்று ஓடியது.

மேனேஜர் வந்து, "பழசை அழிச்சது யாரு?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "நான்தான் சார்" என்றாய் நீ.

வெளியே வந்து, ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உனுக்கு இன்னும் பர்மனென்ட் ஆவல. என்னிய இன்னா பண்ணிருவாங்க? உடு" என்றாய்.

உன்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். டேப் சுற்றுகிற சத்தத்தை வைத்தே எந்த வேலை ஓடுகிறது என்று சொல்லிவிடுவாய் நீ. ரிடையர் ஆகிற வரைக்கும் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் அந்த அறையிலேயே இருந்து மேலே மேலே போனேன். என் கல்யாணத்துக்கு வந்தாய், மகள் பிறந்தபோது வந்தாய், வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு என்னைக் கூப்பிட்டாய். ஒரு தரமாவது என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம் இல்லையா? திட்டியிருந்தால் நானும் நாலு பேரிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். சொல்லியிருக்க மாட்டேன். அதுவும் தெரியும்.

போன மாதம் உன்னை அடக்கம் செய்துவிட்டுக் காட்டுப்பாக்கத்தில் உன் வீட்டுக்கு வந்தோம். உன் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா எங்ககிட்ட அடிக்கடி சொல்லுவாரு அங்கிள். அவசரப்பட்டு ஏதோ டேப்பை அழிச்சுட்டாராம், அதோட கம்ப்யூட்டர் ரூம் போச்சாம். நீங்க அப்பவே வேணாம்னு சொன்னீங்களாமே, அவருதான் கேக்கலியாமே."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். உன் முகமேதான்.

"ஆமாம்பா, சொன்னேன்" என்றேன். சொல்லிவிட்டு, உன் மனைவி கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.