குதிரையின் காதில் சொல்ல மறுத்தது

ஏனுங்க,

உங்களை வேறெப்படியும் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கொல்லங்கோட்டு வீட்டில் சமையலறையிலிருந்து இந்த ஒரு சொல்லை அனுப்பினால், தொழுவத்தில் நிற்கும் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போது எங்கே நிற்கிறீர்களோ, அங்கிருந்தும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது, அதில் பாதி கோபம்.

சாந்தன்பாறையிலிருந்து எழுதுகிறேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம். நம் மகள் சுகந்திதான் என்னை இங்கே கொண்டுவந்தாள். கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கி, "அம்மா, நாலு சேலை எடுத்து வைங்க, மலைக்குப் போறோம்" என்றாள். முதலமடையில் மாங்காய் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றபோதும் சொல்லவில்லை, உடுமலையிலும் சொல்லவில்லை. மறையூரில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் விஷயத்தை எடுத்தாள். குதிரையேற்றப் பயிற்சி முகாமாம். ஐந்து நாளாம்.

"எழுபத்து மூணு வயசுல நான் குதிரை ஏறோணுமா கண்ணு?"

"நீங்க ஏற வேண்டாம்மா. பக்கத்துல நின்னு தொட்டாப் போதும். மனசுல இருக்கற பாரமெல்லாம் எறங்கிருமாம்."

"என்ற மனசுல இருக்கறதை எறக்கி வெக்கச் சொல்லி உன்னைய யாரு கேட்டா?"

அவள் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள். நீங்கள் இருந்திருந்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பீர்கள். நீங்கள் போனதிலிருந்து எங்கள் பேச்செல்லாம் இப்படித்தான் பாதியில் நின்றுவிடுகிறது.

முகாமை நடத்துகிறவன் பெயர் ரோஹித். நாற்பது வயதிருக்கும், தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டிருக்கிறான். பார்த்த மாத்திரத்தில் "அம்மா!" என்று கையை விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தான். நான் வலது கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் குலுக்கினான்.

கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். படித்தவர்கள், பெரிய வேலையில் இருக்கிறவர்கள். முழங்கால் வரை ஏறிய பூட்ஸோடு சாப்பாட்டு மேசைக்கு வருகிறார்கள். குதிரைச் சாணம் ஒட்டிய பூட்ஸ். தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு, குதிரையை மடியில் தூக்கி வைத்துக்கொள்வதுபோல் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் வெறுங்காலோடு லாயத்தில் நடந்தால் பூமியின் சக்தி உடம்பில் ஏறும் என்று ஒருநாள் நடந்தார்கள். என்ன ஏறியது என்று அவர்கள் காலைப் பார்த்தாலே தெரிந்தது. நான் என் ரொட்டியை அறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டேன்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். உட்காரும் முறை, கடிவாளம் பிடிக்கும் முறை, சரிவில் இறங்கும்போது உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் ரோஹித் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தான். முதுகு நேராக, மோவாய் உயர்ந்து, கண் எதிரில் என்றான். நான் படித்த கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் சொன்னதும் அதையேதான். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

சுகந்திக்குக் கொடுத்தது சாந்தி என்று ஒரு வெள்ளைப் பெண் குதிரை. முன்பு கல்யாண ஊர்வலங்களில் போனதாம், இங்கே வந்த பிறகுதான் இந்தப் பெயர். நான்காம் நாள் காலையில் அதன் மேல் ஏறி மேட்டுப் பாதையில் போய் வந்தாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிவந்து, கூந்தல் அவிழ்ந்து, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில் உங்களிடம் ஓடி வந்தாளே, அப்படி இருந்தாள். அந்த நேரம் இங்கே வந்ததுகூட நல்லதுதானோ என்று எனக்குத் தோன்றியது. உங்களிடம் எதற்கு மறைக்க?

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தான். நடுவில் சாந்தியை, சேணத்தைக்கூடக் கழற்றாமல், கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக எழுந்து போய் அதன் காதில் தங்கள் துக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கான்வென்ட்டில் அழுகை வந்தால் அனுமதி கேட்டு வெளியே போய், முகம் கழுவிவிட்டு வந்து உட்கார வேண்டும். இங்கே அழாதவர்களை ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

கொச்சிக்காரப் பெண்மணி தன் விவாகரத்தைச் சொன்னார். குதிரை தலையைத் தொங்கப்போட்டது. "பாருங்க, அவ கேக்குறா" என்றான் ரோஹித். இன்னொருவர் வேலை போனதைச் சொன்னார். குதிரை பல்லை நறநறவென்று கடித்தது. "அவளும் உங்களோட சேந்து கோபப்படுறா" என்றான். அப்புறம் சுகந்தி போனாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு "அப்பா, அப்பா" என்று விம்மினாள். அவள் சாய்ந்த கனத்தில் குதிரையின் தோல் அலை அலையாக நடுங்கியது. காதுகள் பின்னால் படிந்தன. வால் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டது.

"உங்க வலியை அவ வாங்கிக்கிறா சுகந்தி" என்றான். வட்டமே கண்ணைத் துடைத்தது.

பிறகு என் பக்கம் திரும்பினான். "இப்ப நீங்கம்மா. உங்க ஹஸ்பண்டே முன்னாடி நிக்கிறதா நெனைச்சுக்குங்க. சொல்லாம விட்டதையெல்லாம் சொல்லிடுங்க."

கேட்டீர்களா? உங்களை ஒரு பெண் குதிரையாக நினைத்துக்கொள்ளச் சொன்னான். அதுவும் கொச்சி, பெங்களூர் சாட்சியாக.

"என்ற ஊட்டுக்காரர்கிட்டப் பேசறதுக்கு நடுவுல ஆளு வேண்டாங்க தம்பி. குதிரையும் வேண்டாம்" என்றேன்.

அப்போதுதான், இன்னும் குதிரையின் பக்கத்திலேயே நின்ற சுகந்தி அதைச் சொன்னாள். அத்தனை பேர் முன்னால். "எங்கதான் பேசுனீங்க? அப்பா போயி ரெண்டு வருசமாச்சு, ஒரு சொட்டுத் தண்ணி உங்க கண்ணுல இருந்து வரலை. அவரை எடுத்துட்டுப் போறப்பவும், வந்தவங்களுக்குக் காபி பத்துச்சான்னுதானே கேட்டுட்டு நின்னீங்க? அப்பா மேல உங்களுக்குப் பாசமே இல்லையோன்னு நான் தினமும் நெனைச்சுட்டுக் கெடக்கறேன். அதுக்காகத்தாம்மா இங்க கூட்டிட்டு வந்தேன்."

காபி எல்லாருக்கும் போதுமா என்று நான் கேட்டது உண்மை. வீட்டுக்கு வந்தவர் வெறும் வாயோடு போனால் உங்களுக்குப் பொறுக்காதே, அதனால் கேட்டேன். அன்றைக்கு உங்களுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். இதை எப்படி அந்த வட்டத்தில் சொல்வது? யாரிடம் சொல்வது? பெற்ற மகளே இரண்டு வருஷமாக இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு அந்த வட்டத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தேன். அவளைக் கையைப் பிடித்து அங்கிருந்து கூட்டிப்போவதற்காகக் குதிரையிடம் போனேன்.

போனதும் அந்த நாற்றம் அடித்தது. தோல், வியர்வை இரண்டுக்கும் அடியில், இனிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். எனக்குத் தெரியாதா அது? கால்நடை டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டவள். எத்தனை சாயங்காலம் பட்டிகளிலிருந்து அதைச் சட்டையில் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள்! கிணற்றடியில் குளித்து வேறு வேட்டி கட்டாமல் படி ஏறக் கூடாது என்று நானும் உங்களை நிறுத்தியிருக்கிறேன்.

சேணத்தின் மேல் கையை வைத்து லேசாக அழுத்தினேன். குதிரை முதுகைக் கீழே இறக்கி, கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"சேணத்தை எடுங்க" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, வேர்வை நாத்தம். குதிரைன்னா நாறத்தான செய்யும்" என்றார் கடிவாளத்தைப் பிடித்திருந்த குதிரைக்காரர் செல்லையா.

"ஆன்ட்டி, செஷன் நடுவுல இப்படிப் பண்ணக் கூடாது. அவ எனர்ஜி டிஸ்டர்ப் ஆயிடும்" என்றான் ரோஹித். அம்மாவாக இருந்த நான் அதற்குள் ஆன்ட்டி ஆகிவிட்டேன்.

அதன் பிறகு நான் ஆங்கிலத்தில் பேசினேன். நீங்கள் சிரிப்பீர்களே, அந்தக் கான்வென்ட் ஆங்கிலம். சேணம் கழன்றது. அதன் அடியில் ஒரு கம்பளம், அதன் அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் மடித்த பழைய துணி. கடைசித் துணி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய் சீழ் கட்டியிருந்தது. ஈக்கள் உடனே வந்தன. காதில் துக்கம் சொன்னவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள்.

"இது இன்னைக்குத்தான் வந்திருக்கும்" என்றான் ரோஹித்.

செல்லையாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன சார் இப்படிச் சொல்லுதிய? முந்தாநாளே காட்டுனம்லா? நீங்கதான துணி ஒண்ணு சேத்துப் போடச் சொன்னிய?"

இருவர் முகத்தையும் பார்த்தேன். இதைவிட அருவருப்பான ஒன்றை அண்மையில் பார்த்ததில்லை. புண்ணைச் சொல்லவில்லை.

"அது தலையைத் தொங்கப்போட்டதும் பல்லைக் கடிச்சதும் உங்க கஷ்டத்தைக் கேட்டு இல்லீங்க" என்று அந்தக் கூட்டத்திடம் சொன்னேன். "அதுக்கு அதும்பட சொந்த நோவே தாங்க முடியலை. அது மேல உங்களுதையும் ஏத்தி வெச்சீங்க."

சுகந்தி மட்டும் பின்வாங்கவில்லை. காலை முழுக்க அந்தப் புண்ணின் மேல் உட்கார்ந்து போய் வந்தவள். நின்ற இடத்திலேயே வெளுத்துப்போய் நின்றாள். நான் அவளைத் தேற்றவில்லை. "வெந்நி போட்டு ஆற வெச்சு எடுத்துட்டு வா. கல்லுப்பு கேளு, சுத்தமான துணி கேளு" என்றேன். ஓடினாள்.

இருவருமாகக் கழுவினோம். அவள் ஊற்றினாள், நான் துடைத்தேன். பாதி வேலையில் மெதுவாகக் கேட்டாள்: "இத்தனை பேருக்குத் தெரியலை, உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"உங்கப்பா போனதுல இருந்து சாயங்காலமானா வாசல் பக்கம் இந்த நாத்தம் வருதான்னு பாத்துட்டே இருக்கறேன். எனக்குத் தெரியாதா?"

என்னையும் அறியாமல்தான் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது. சொம்பிலிருந்த தண்ணீர் முழுக்க என் சேலையில் கொட்டியது. "பாத்து ஊத்து, கண்ணு எங்க இருக்குது?" என்று திட்டினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் அடுத்த சொம்பைச் சரியாக ஊற்றினாள்.

சாயங்காலம் ஒரு பெண் டாக்டரை வரவழைத்தோம். சின்ன வயசு, ஆனால் கை சுத்தம். உங்களுக்குப் பிடித்திருக்கும். ஊசி போட்டு, மருந்து கொடுத்து, புண் முழுவதும் ஆறும்வரை சேணம் வைக்கவே கூடாது என்று ரோஹித்திடம் கண்டிப்பாகச் சொன்னார். அவர் ஜீப் மறைந்ததும் ரோஹித் என்னிடம் வந்து, "வெள்ளிக்கிழமை அடுத்த குரூப் வருது. ரெண்டு நாள் ரெஸ்ட் குடுத்தாப் போதும்ல ஆன்ட்டி?" என்றான்.

என் அறையை இன்னும் எத்தனை நாளானாலும் காலி செய்யப்போவதில்லை என்றேன். அடுத்த குழு வரும்போது லாயத்து வாசலில் நாற்காலி போட்டு நானே வரவேற்கிறேன் என்றும் சொன்னேன். அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுகந்தி ஆபீசுக்குப் போன் போட்டு லீவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கடிதத்தை ஒட்டி மூடாமல் நாலு பேர் படிக்க அனுப்புகிறேன். குதிரையைக் கட்டிப்பிடித்து அழப் போகிறவர்கள் முதலில் சேணத்தைத் தூக்கிப் பார்க்கட்டும்.

இனி உங்களுக்கு என் வாக்கு. சாந்தியின் புண் மூடும்வரை அதன் மேல் யாரும் ஏற மாட்டார்கள், நானும் மலை இறங்க மாட்டேன். சுகந்தி உங்களைப் பற்றி என்ன கேட்டாலும் காபியைச் சாக்காக வைத்து எழுந்து போகாமல் உட்கார்ந்து பதில் சொல்வேன். சொல்லும்போது அழுகை வந்தால் வரட்டும், முகம் கழுவ ஓட மாட்டேன். அவள் முன்னால் மட்டும்தான். வேறு ஒருவர் முன்னாலும் இல்லை.

அன்றும் இன்றும் உங்கள் ஊட்டுக்காரி,
சுகந்தியின் அம்மா,
மனோன்மணி