கோப்புக்கு ஒரு நகல்

ஆலிவ் தெரு
ஜனவரி 6, 2025

அன்புள்ள சாந்தாவுக்கு,

நலம்தானே? நாலு தெரு தள்ளி இருப்பவளுக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இன்று நகராட்சி மானிய விண்ணப்பங்களை வெளியிட்டுவிட்டது. வீட்டுவசதிக்கும் சமூக வேலைகளுக்கும் என்று ஃபெடரல் அரசாங்கம் வருடா வருடம் நம் ஊருக்கு அனுப்பும் பணம். அதை யார் யாருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று நகர மன்றத்துக்குச் சிபாரிசு செய்யும் ஐந்து பேர் குழுவில் நானும் ஒருத்தி. வயதானவர்கள் வீட்டில் பிடிமானக் கம்பி மாட்டும் உன் 'கைப்பிடி' அமைப்பு இந்த வருடம் முதல் தடவையாக விண்ணப்பிக்கப் போகிறது. அதனால் ஏப்ரலில் நாங்கள் மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை நாம் சந்திக்க வேண்டாம். போன் வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம், சனிக்கிழமை உன் காரில் லிவர்மோர் கோயிலுக்கு வருவதும் வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுதுவேன். ஒரு நகலை நகராட்சிக் கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் உனக்குத் தபாலில் போடுவேன். சிநேகிதிக்காகச் செய்தாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது.

என்னை உனக்குத் தெரியும். முப்பது வருடம் ஒரு டெலிகாம் கம்பெனியில் மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நிம்மதி.

எல்லோருக்கும் சொல்வதை உனக்கும் சொல்கிறேன். வரும் 14-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை விண்ணப்பதாரர்களுக்கு விளக்கக் கூட்டம். பொங்கலன்று வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்! ஆனாலும் கட்டாயம் போ. படிவங்களைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் அங்கே கேட்டுக்கொள்.

நேற்று குபெர்டினோவிலிருந்து தீக்ஷா வந்திருந்தாள். "சாந்தா ஆன்ட்டி ஏன் வரல?" என்றாள். விவரம் சொன்னேன். "அம்மா, திஸ் இஸ் ஸோ யூ" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்புடன்,
ஷ்யாமளா

நகல்: நகராட்சி வீட்டுவசதிப் பிரிவு, கோப்புக்கு.


சிடார் தெரு
ஜனவரி 19, 2025

ஷ்யாமளா கண்ணு,

கராஜில் கம்பிக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்த பத்மநாபன் சாருக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மனுஷன் டிரில் மெஷினைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நகராட்சி ஆபீஸில் இந்தக் கோப்பைத் திறந்து பார்க்கப் போகும் புண்ணியவதிக்கும் என் வணக்கம். அம்மா, உங்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன், இந்த ஷ்யாமளா சின்ன வயதிலிருந்தே இப்படித்தானாம்.

பொங்கலன்று கூட்டத்துக்குப் போகவில்லை. திட்டாதே. நம் ஊர் டிரெய்லர் வீடுகள் இருக்கும் இடத்தில் மிஸஸ் லோபெஸ் என்று ஒரு அம்மா. இடுப்பு ஆபரேஷன் முடிந்து அன்றைக்குத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், வாசலில் ஐந்து படி. சாய்தளம் போடாவிட்டால் அந்த அம்மாவை யார் தூக்குவது? காலையில் பால் பொங்கிய கையோடு பலகையைத் தூக்கிக்கொண்டு நம் ஆட்கள் ஆறு பேரும் கிளம்பிவிட்டோம். மூன்று மணிக்கு அந்த அம்மா சக்கர நாற்காலியில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் என் கன்னத்தைக் கிள்ளினாள். கூட்டத்தில் என் கன்னத்தை யார் கிள்ளியிருப்பார்கள்?

என் மனுஷர் திருமூர்த்தி குளியலறையில் விழுந்து போய்ச்சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. ஒரு சின்னக் கம்பி அந்தச் சுவரில் இருந்திருந்தால் இன்றைக்கு உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் வீடு வீடாகக் கம்பி மாட்டிக்கொண்டு திரிகிறேன், உனக்குத் தெரியாததா?

உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். மதன் என்னை டெக்சஸில் தன்னோடு, இர்விங்குக்கு வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறான். "அம்மா, நீங்க தனியா அங்க என்ன பண்றீங்க? வீட்டை ரென்ட்டுக்கு விட்டுட்டு வந்துடுங்க" என்று தினமும் போன். மானியம் கிடைத்தால் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்து முறையாக நடத்துவேன், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிடைக்காவிட்டால் போக வேண்டியதுதான். சனிக்கிழமை மட்டும் சம்பளமில்லாமல் வரும் ஆட்களை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

விண்ணப்பத்தோடு நம் நோட்டையும் நகலெடுத்து வைக்கிறேன். கல்யாண வீட்டு நோட்டு மாதிரி, யார் வீட்டில் வேலை செய்தாலும் பேரும் நாலு வார்த்தையும் எழுதி வாங்குவேனே, அது. நூற்று நாற்பது வீடு. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்புடன்,
சாந்தாமணி

நகல்: போட்டுக்கொள்.


ஆலிவ் தெரு
ஜனவரி 27, 2025

அன்புள்ள சாந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன்னுடையதையும் நகலெடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டேன்.

இர்விங் விஷயத்தைப் படித்தபின் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் குற்றமில்லை என்று பட்டது, எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 7-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் முடிகிறது. கேட்டிருப்பதை, கேட்டிருக்கும்படியே கொடு.

[இங்கே இரண்டு வரி எழுதப்பட்டு, கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது.]

மேலே அடித்திருப்பதைப் பொருட்படுத்தாதே. நான் எழுதக் கூடாததை எழுதிவிட்டேன்.

நேற்று உன் தெரு வழியாகத்தான் போனேன். கராஜில் விளக்கு எரிந்தது. நிறுத்தவில்லை. ஃப்ரீவே ஏறும்வரை நீ என்ன கம்பி அறுத்துக்கொண்டிருப்பாய் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

அன்புடன்,
ஷ்யாமளா

நகல்: நகராட்சி வீட்டுவசதிப் பிரிவு, கோப்புக்கு.


சிடார் தெரு
ஏப்ரல் 11, 2025

ஷ்யாமளாவுக்கு,

புதன்கிழமை நீங்கள் மார்க் போட்ட கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்க்காத மாதிரி இருந்தாய்.

பதினொரு அமைப்பு. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். உணவு வங்கிக்குப் பேசினாய். அடி வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கான விடுதிக்குப் பேசினாய். குழந்தைகள் காப்பகத்துக் கூரைக்குக்கூட ஐந்து நிமிடம் பேசினாய். 'கைப்பிடி' என்று கூப்பிட்டதும் "இதிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்" என்றாய், மைக்கை அணைத்தாய், எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாய். என்னைத் தாண்டித்தான் போனாய். உன் புடவை என் முழங்காலில் பட்டது.

மீதி நாலு பேர் சராசரியாக எழுபத்தோரு மார்க் போட்டார்கள். எழுபத்து நாலு வாங்கிய அமைப்போடு பணம் தீர்ந்துவிட்டது. மூன்று மார்க்!

சரி, சட்டம் அப்படி, அவள் என்ன செய்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அங்கே வேலை செய்யும் அதிதி என்ற பெண் ஆறுதலாகப் பேசினாள். "ஆன்ட்டி, ஃப்ரெண்ட்ஷிப் இருந்தா முன்னாடியே டிஸ்க்ளோஸ் பண்ணிச் சொல்லிட்டா போதும். சிட்டி அட்டர்னி அவங்ககிட்ட சொன்னாரே, வோட் பண்ணலாம்னு. அவங்களாத்தான் வேண்டாம்னுட்டாங்க" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. உன்னிடம் நான் சலுகை கேட்கவில்லை. என் பேர் வரும்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கக்கூட உனக்குப் பிடிக்கவில்லையா? இருபத்தாறு வருடம். உன் தீக்ஷாவும் என் மதனும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

மதனுக்குச் சரி சொல்லிவிட்டேன். ஜூன் முதல் வாரம் போகிறேன்.

ஜனவரிக் கடிதத்தில் அடித்த இரண்டு வரியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. எதையும் உருப்படியாகத்தான் செய்வாய்.

சாந்தாமணி


ஆலிவ் தெரு
ஏப்ரல் 20, 2025

என் சாந்தா,

இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினேன். கார் நின்றது. நீ திறக்கவில்லை. திறக்காதது நியாயம்தான்.

அந்த இரண்டு வரி இதுதான்: 'நோட்டை நம்பாதே. ஒவ்வொரு வீட்டிலும் எல்லோருடைய வருமானத்தையும் கேட்டு எழுதி வாங்கு.'

இது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பணம், சாந்தா. வீட்டில் பழுது பார்க்க இந்தப் பணத்தைத் தொட வேண்டுமென்றால் அந்த வீட்டின் மொத்த வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். நீ ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. உன் நோட்டில் ஆசீர்வாதம் இருக்கிறது, நன்றி இருக்கிறது, ஒரு பாட்டுகூட இருக்கிறது. வருமானம் இல்லை. மிஸஸ் லோபெஸ் இருக்கும் அதே பக்கத்தில் அச்சுதன் சாரும் இருக்கிறார். அவர் பிள்ளையோடுதான் இருக்கிறார், அந்த வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது.

அக்டோபரிலேயே உன் சமையலறை மேஜையில் அந்த நோட்டைப் பார்த்தேன். புரட்டிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது விண்ணப்பமே திறக்கவில்லை. என் வாயை எந்தச் சட்டமும் கட்டவில்லை. "வயசானவங்ககிட்ட போய் உனக்கு எவ்வளவு வருதுன்னு கேக்கறதா? நாக்கு கூசாது?" என்று நீ சொன்னாய். நீ ஊற்றிய காபியைக் குடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன் முகம் வாடும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஜனவரியில் நகலும் கோப்புமாக நேர்மையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நகராட்சி வக்கீல் உட்காரலாம் என்று சொன்னது உண்மை. நான் எழுந்து போனது உனக்குச் சாதகம் செய்துவிடுவேனோ என்ற பயத்தில் இல்லை. உட்கார்ந்திருந்தால் நான் அறுபதுதான் போட்டிருப்பேன். உன் எழுபத்தொன்று சராசரி அறுபத்தொன்பதுக்கும் கீழே போயிருக்கும். நீ கடைசி வரிசையில் இருக்கும்போது உன் பெயருக்கு நேரே அந்த எண்ணைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் பெரிய மனுஷி மாதிரி விலகிக்கொண்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

பதினொன்றும் நல்ல காரியம்தான். பணம் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடப் போதவில்லை. பெண்கள் விடுதிக்குப் போனதைப் பற்றி நீயும் வருத்தப்பட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ராஜினாமாக் கடிதம் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன். நீ போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் நீ இல்லாத இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன்,
ஷ்யாமளா

நகல்: யாருக்கும் இல்லை.


இர்விங், டெக்சஸ்
ஜூலை 20, 2025

ஷ்யாமளா கண்ணு,

வெயில் இங்கே ஆளை வறுத்தெடுக்கிறது. மதனும் வான்மதியும் காலையில் லாஸ் கொலினாஸ் ஆபீஸுக்குப் போய்விட்டால் நானும் ஜன்னலும்தான். ரயில் போகும், வரும். வான்மதி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஒரு முதியோர் மையத்தில் மதியச் சாப்பாட்டுக்குச் சேர்த்துவிட அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு படிவம். எனக்கு வருமானம் இல்லை என்று எழுதினேன். மேஜையில் இருந்த பெண், யாரோடு இருக்கிறீர்கள், அவர்களுடையதையும் சேர்த்து எழுதுங்கள் என்றாள். எனக்குக் காது சிவந்துவிட்டது. மருமகள் பக்கத்தில் நிற்கிறாள், அவளைக் கேட்காமல் மகனுக்கே போன் போட்டேன். "டேய், உன் சம்பளம் எவ்வளவுடா?" "அம்மா, மீட்டிங்ல இருக்கேன். இப்ப எதுக்கு?" "ஃபார்ம்ல கேக்கறாங்கடா." சொன்னான். எனக்குத் தலை சுற்றியது. இத்தனை சம்பாதிப்பவன்தான் ஓட்டை பனியனைப் போட்டுக்கொண்டு வீட்டில் திரிகிறான்!

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. சாப்பாட்டுக்கு முழுக் கட்டணம் என்றாள், நாளைக்குப் பருப்பு சூப் என்றாள், அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகவில்லை. இதைக் கேட்கவா நான் நூற்று நாற்பது வீட்டில் கூச்சப்பட்டேன் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் ஏப்ரல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீ அறுபது போட்டிருந்தால் நான் ஒரு வாரம் உன்னோடு பேசியிருக்க மாட்டேன். எட்டாவது நாள் வந்து கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய், காபி போட்டிருப்போம். நீ எழுந்து போனதற்குத்தான் எனக்கு மூன்று மாதம் ஆனது.

செப்டம்பர் 14-ஆம் தேதி ஒரேயடியாகத் திரும்பி வருகிறேன். மதனிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், சரியாகிவிடும். வீட்டை இன்னும் வாடகைக்கு விடவில்லை, என் கராஜ் சாவி பத்மநாபன் சாரிடம் இருக்கிறது. போய் நோட்டை எடு. அச்சுதன் சார் மாதிரி பிள்ளை வீட்டில் இருப்பவர்களைத் தனியாகக் குறித்து வை. அவர்களுக்கு நம் கைக்காசில் மாட்டுவோம். மிஸஸ் லோபெஸ் மாதிரி இருப்பவர்களிடம் நானே போய்க் கேட்டு எழுதி வாங்குகிறேன். நீ வராதே, நீ குழுவில் இருக்கிறாய்.

ஆமாம், இருக்கிறாய். அந்த ராஜினாமாவைக் கிழித்துப் போடு. ஜனவரியில் விண்ணப்பம் போடுவேன், விளக்கக் கூட்டத்துக்கும் போவேன், பொங்கல் என்றாலும் போவேன். ஏப்ரலில் என் பெயரைக் கூப்பிடும்போது உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராதே. அறுபதுதான் தகுதி என்றால் அறுபது போடு. என்னைப் பார்த்துக்கொண்டே போடு.

அன்புடன்,
சாந்தாமணி

நகல்: நகராட்சி வீட்டுவசதிப் பிரிவு, கோப்புக்கு. நீயே கொண்டுபோய்க் கொடு.