எட்டாவது ஈயப் பை

மார்ச் 3
காலையில் அக்காவோடு சண்டை. அவள் சீப்பை நான் தொலைத்துவிட்டேனாம். அந்தக் கோபத்தோடேயே விமானப்படைத் தளத்தில் என் மேசைக்குப் போனேன். நான்கு பாராசூட் மடித்து, மடித்தது யாரென்று காட்ட அவற்றோடு போகிற நான்கு அட்டையிலும் கையெழுத்துப் போட்டேன். மத்தியான வண்டியில் நான்கும் ஒரே விமானத்துக்குப் போய்விட்டன.

அதன் பிறகுதான் ஈயப் பைகளை எண்ணினேன். மடிப்பு நழுவாமலிருக்கத் துணிமேல் வைக்கிற, உள்ளங்கை அளவுப் பைகள். ஒவ்வொரு தடவையும் மூடுமுன் எட்டும் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஏழுதான் இருந்தது. மேசைக்கடியில், குப்பைக்கூடையில், எங்கும் இல்லை. உள்ளே மாட்டியிருந்தால் அந்தப் பாராசூட் விரியாது. சொன்னால் விமானத்தை நிறுத்திவிடுவார்கள், என்னையும்தான். போன மாதமே மேற்பார்வையாளர் அம்மா, "இன்னொரு தப்பு பண்ணின, வீட்டோட இருந்துக்க" என்றிருந்தார். பழசு கிடக்கிற பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். எட்டு.

எங்காவது விழுந்திருக்கும். இருக்கும்தானே?

மார்ச் 4
விமானம் திரும்பவில்லை.

மார்ச் 5
அடிபட்டுத் திரும்பும்போது ஆற்றுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டதாம். உள்ளே நான்கு பேர். ரேடியோக்காரர் முழுசாகக் கிடைத்துவிட்டார். அவருடையது விரிந்திருக்கிறது. மீதி மூன்று.

மார்ச் 6
வரைபடம் பார்த்து வழி சொல்கிறவர் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாராம். கால் முறிவு, உயிருக்குப் பயமில்லை. மீதி இரண்டு. சீ, என்ன கணக்கு இது!

அக்கா, "என்னடி தட்டையே முறைச்சுக்கிட்டு இருக்க? சீப்பு போனா போகுது, சாப்பிடு" என்றாள். சொல்லிவிடலாமா? வாய்வரைக்கும் வந்தது. தண்ணீரைக் குடித்து முழுங்கிவிட்டேன்.

மார்ச் 8
துப்பாக்கிக்காரர் வயலில் பிணமாகக் கிடந்தாராம். பாராசூட் விரிந்ததா? யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரியிடம் மூன்று தரம் கேட்டுவிட்டேன். "உனக்குத் தெரிஞ்சவரா?" என்றாள்.

மார்ச் 9
விரிந்திருக்கிறது. மேலேயே குண்டு பாய்ந்திருக்கிறது, அதனால்தான் போனார். கேட்டதும் 'அப்பாடா' என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு மனுஷன் செத்ததுக்கு அப்பாடாவா? என்ன பொம்பள நான்!

மார்ச் 11
விமானி இருக்கையிலேயே உயிரில்லாமல் இருந்தார். மற்ற மூவரும் குதிக்கும்வரை விமானத்தை நேராகப் பிடித்திருந்தாராம். "நீங்க போங்கப்பா, நான் பின்னாடியே வரேன்" என்றாராம்.

பின்னாடியே. என் பாராசூட்டை முதுகில் கட்டிக்கொண்டுதானே சொல்லியிருப்பார்? அது பிரியாமல் திரும்பி வந்திருக்கிறது. நாளை நான்தான் பிரிக்க வேண்டும்.

மார்ச் 12
நடுமடிப்பில் இருந்தது.

மேற்பார்வையாளர் அம்மா கதவைச் சாத்தினார். "அவரு குதிக்கவேயில்ல. இதால யாரும் சாகல. எடுத்து மேசைல வச்சிட்டு வாயத் திறக்காம இரு." வைத்தேன். இப்போது மேசையில் ஒன்பது பை. "அன்னைக்கே எனக்குத் தெரியும்மா" என்றேன். பெட்டியிலிருந்து எடுத்ததையும் சொன்னேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2
கிழிசல் தைக்கிற பிரிவில் போட்டுவிட்டார்கள். அக்கா அழுதாள், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 20
கால் முறிந்தவர் கட்டை ஊன்றிக்கொண்டு வந்தார். பிழைத்தவர்கள் பாராசூட்டோடு வந்த அட்டையில் நன்றி எழுதி, மடித்தவளிடம் கொடுப்பது இங்கே வழக்கம். மேசைக்கு மேலே ஒட்டிவைப்போம். தைக்கிற அறைக்கே தேடி வந்துவிட்டார், பாவம். நான் கை நீட்டவில்லை. முதலில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கட்டையை மாற்றி ஊன்றிக்கொண்டார். "வண்டில நாலு கிடந்துச்சு. எங்கள எடுக்க விட்டுட்டு மிச்சத்த எங்க விமானி எடுத்துக்கிட்டாரு. எப்பவும் அப்படித்தான்."

அட்டையைச் சட்டைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டு போய்விட்டார். கொடுத்திருந்தாலும் எங்கே ஒட்டுவேன்?

ஜூன் 1
ஆள் போதவில்லை. திரும்பவும் என் மேசை. இனி நான் எண்ணியபின் பக்கத்து மேசைக்காரியும் எண்ண வேண்டும். அன்றைக்கு எழுதிக் கொடுத்ததில் நானே கேட்டிருந்தது. "உன்னால எனக்கும் ரெட்டை வேலை" என்று முணுமுணுத்தாள்.

எட்டு என்றேன்.

"இரு, கைய எடு" என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எட்டு என்றாள். மூடினேன்.